அம்புக்குறி போட்ட வகுப்பு

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
15 செப்டெம்பர் 2024

அன்புள்ள மெற்றில்டா அக்காவுக்கு,

இங்கே நானும் உங்கள் மச்சாள் பிரசாந்தினியும் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா? போனில் கதைத்தால் நான் "ஓம், ஓம்" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்வதில்லையாம், அதனால் மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டுமாம். அக்காவின் கட்டளையை மீற முடியுமா? ஈமெயில்தான் என்றாலும் மேலே ஊரும் திகதியும் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு புதினம். கம்பனியில் என்னை ஒரு பகுதிக்குப் பொறுப்பாக்கிவிட்டார்கள். நாங்கள் செய்வது சோதனைப் புரோகிராம். ஜோர்தான், குவைத், எகிப்து என்று அரபு பேசும் நாடுகளின் பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் வாங்குகின்றன. மாணவர் டேப்லெட்டில் பேனாவால் எழுதுவார்கள். புரோகிராம் வாசித்துத் திருத்தும். யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்றும் கண்டுபிடிக்கும். அந்தக் கண்டுபிடிக்கிற பகுதி முழுக்க என் கைவேலை. எங்கள் மேலாளர் நரசிம்மன் கும்பகோணத்துக்காரர், அளந்துதான் பேசுவார். அவரே, "ஜெஸ்ரின், இது உங்க குழந்தை. நல்லா வளர்த்திருக்கீங்க" என்றார். அன்று எனக்கு நிலத்தில் கால் படவில்லை.

உங்கள் புதுக் கல்லூரி எப்படி? பிள்ளைகள் சொல் கேட்கிறார்களா, இல்லை உங்கள் குரலைக் கேட்டே ஓடுகிறார்களா?

அன்புத் தம்பி,
ஜெஸ்ரின்


பஹ்லா, ஓமான்
6 அக்டோபர் 2024

அன்புத் தம்பி ஜெஸ்ரின்,

உன் கடிதம் கண்டு சந்தோசம். பொறுப்பு ஏற்றதற்கு இன்னும் சந்தோசம். முழங்கால் என் சொல் கேட்கிறது, படிதான் கேட்பதில்லை. பிரசாந்தினிக்கு ஆஸ்பத்திரி ஷிப்ட் இன்னும் இரவிலா? அவளைக் கொஞ்சம் கவனி.

என் பிள்ளைகள் ஓடவில்லை. முதலாம் ஆண்டு எந்திரவியலில் என் பிரிவில் முப்பத்தொன்பது பேர், முக்கால்வாசிப் பேர் பெண்கள். அரபு மொழியில் பள்ளிக்கூடம் முடித்து இங்கே வந்து திடீரென்று ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். வலமிருந்து இடமாக வாசித்துப் பழகியவர்களுக்கு விசையை எந்தப் பக்கம் நேர், எந்தப் பக்கம் மறை என்று எடுப்பது என்பதில் பெரிய தடுமாற்றம். வேறு வழியைத் தேடாமல் கோபாலகிருஷ்ணன் சேரின் டியூசன் முறையை அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டேன். ஊரில் நீயும் நானும் அவருடைய ஓலைக் கொட்டிலுக்குள் நெருக்கியடித்துப் படித்தோமே, அதேதான். இரண்டு கிழமையில் பிடித்துக்கொண்டார்கள்.

இந்த வருடம் எங்களுக்கும் டேப்லெட் வந்துவிட்டது. மஸ்கற்றிலுள்ள முகவர் ஒருவர் மூலம் வாங்கியது, புரோகிராமின் பெயர் "அமீன்". சில ஆசிரியர்கள் முணுமுணுக்கிறார்கள், எனக்கோ நல்ல விருப்பம். நான் செய்து காட்டிய கணக்கைப் பிள்ளைகள் வீட்டில் எத்தனை தரமும் திருப்பிப் பார்க்கலாம். ஷம்ஸா என்று ஒருத்தி, மலைக்கிராமத்துப் பிள்ளை. சிக்னல் கிடைக்கவில்லை என்று தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் ஏறியிருந்து பார்த்தாளாம். "மிஸ், நீங்கள் நின்று நின்று வந்தீர்கள், ஆனாலும் வந்தீர்கள்" என்று சொல்லிச் சிரித்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
மெற்றில்டா


ஃபாரஸ்ட் கேட்
17 நவம்பர் 2024

அன்பின் அக்கா,

நாங்கள் சுகம், வீட்டு பொயிலர்தான் சுகமில்லை. மூன்று நாளாகக் கேத்திலில் தண்ணீர் சுடவைத்துக் குளிக்கிறோம். திருத்த வருகிறவன் காலை எட்டுக்கும் மாலை ஆறுக்கும் இடையில் வருவானாம். அதற்குள் நான் இரண்டு தரம் கிழவனாகிவிடுவேன். உங்கள் பக்கம் வெயில் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கோபாலகிருஷ்ணன் சேரை ஓமானில் இறக்கிவிட்டீர்களா? பாவம் அந்தப் பிள்ளைகள்!

என் புரோகிராம் எப்படிப் பிடிக்கிறது என்று போனில் கேட்டீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். சரியான விடை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் வரும், அது குற்றமில்லை. மாதிரி விடையில் இல்லாத, பாடநூலிலும் இல்லாத ஒரு வினோதமான அடையாளம் பல பேருடைய தாளில் ஒரே இடத்தில் வந்தால்? அது தற்செயல் இல்லை. எல்லாரும் ஒரே இடத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். இதுதான் விதி. நானே யோசித்து எழுதியது. ஒரு மனிதன் கிழமைக்கணக்கில் தேடுவதை இது தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிடும்.

வசந்தகாலத்தில் பெரிய கண்காட்சி ஒன்று வருகிறது. மேடையில் ஏறி இதைச் செய்து காட்டப்போகிறவன் உங்கள் தம்பிதான்.

ஜெஸ்ரின்


பஹ்லா
19 ஜனவரி 2025

அன்புத் தம்பி,

நத்தார்ப் பெருநாளுக்கு நீங்கள் அனுப்பிய படத்தில் நன்றாக மெலிந்திருக்கிறாய். பொயிலர் வேலை செய்கிறதா? எனக்கு ஒரு குறையுமில்லை.

சோதனை முடிந்தது. கேள்வித்தாள் தலைமைத் திணைக்களத்தில் தயாரானது, நான்கு பிரிவுக்கும் ஒன்றுதான். நான் உட்பட எந்த விரிவுரையாளரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. என் பிள்ளைகள் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஷம்ஸா, "மிஸ், லிப்ட் கணக்கு வந்தது! நீங்கள் சொன்னபடியே செய்தேன்" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். இந்தப் பிரிவு நிச்சயம் முதலாவதாக வரும். எழுதி வைத்துக்கொள்.

உன் அக்கா


ஃபாரஸ்ட் கேட்
2 பெப்ரவரி 2025

அன்பின் அக்கா,

சுகமாக இருக்கிறீர்களா? புதுப் பொயிலர் வந்துவிட்டது, இப்போது வீடு ஓமான் போல இருக்கிறது.

என்னால் சந்தோசத்தை அடக்க முடியவில்லை, அதுதான் உங்கள் கடிதம் வந்து மாதம் முடிய முன்னரே எழுதுகிறேன். எங்கள் புரோகிராம் ஒரே பிடியில் முப்பத்தொன்பது பேரைப் பிடித்துவிட்டது! ஒரு கல்லூரியில் ஒரு பிரிவு முழுக்க. எந்த நாடு, எந்தக் கல்லூரி என்று எங்களுக்குக் காட்டாது, எண் மட்டும்தான் தெரியும். மற்றப் பிரிவுகளில் ஒருவரிடமும் இல்லாத மூன்று அடையாளங்கள் இந்தப் பிரிவில் எல்லாருடைய தாளிலும் ஒரே மாதிரி. யாரோ உள்ளிருந்து விடையைக் கொடுத்திருக்கிறார்கள். நரசிம்மன் சார் முழு அலுவலகத்துக்கும் கேக் வெட்டினார். கண்காட்சியில் காட்டப்போவதும் இதைத்தான்.

உங்கள் பிரிவு முதலாவதாக வந்ததா?

ஜெஸ்ரின்


பஹ்லா
23 பெப்ரவரி 2025

அன்புத் தம்பி,

நான் சுகம். நீங்கள் இருவரும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன். கேக் என்ன கேக்? உனக்குச் சொக்கலேட் ஒத்துக்கொள்ளாதே.

பெறுபேறு இன்னும் வரவில்லை. அடுத்த கிழமை நோன்பு தொடங்குகிறது, கல்லூரி அமைதியாக இருக்கிறது. ஒரு புதினம் மட்டும் உண்டு. இங்கே ஓர் ஆசிரியை மீது, கேள்வித்தாளைத் தன் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே கொடுத்தார் என்று விசாரணை வைத்திருக்கிறார்கள். அவருடைய பிரிவின் பெறுபேற்றை நிறுத்திவிட்டார்கள். குற்றம் உறுதியானால் பிள்ளைகளின் அரச உதவித்தொகை போய்விடும், பல பேர் படிப்பை விட வேண்டியதுதான். ஆசிரியைக்கும் ஜூன் மாதத்தோடு வேலை முடியும். அவர் வகுப்புக்கு வரக்கூடாது, நூலகத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று உத்தரவு.

அந்தப் பிரிவில் ஒரு பிள்ளை விசாரணையில் கேட்டாளாம்: "நாங்கள் எல்லாரும் பார்த்து எழுதினோம் என்கிறீர்கள். யார் யாரைப் பார்த்து எழுதினோம், அதையும் சொல்லுங்கள்." விசாரித்தவர்கள் அதற்கும் டேப்லெட்டைத்தான் பார்த்தார்களாம்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டும். உங்கள் புரோகிராம் ஒருவரைப் பிடித்தால், பிடிபட்டவர் பேசுவதற்கு அதில் எங்கே இடம் வைத்திருக்கிறீர்கள்?

அக்கா


ஃபாரஸ்ட் கேட்
9 மார்ச் 2025

அன்பின் அக்கா,

நாங்கள் சுகம். முழங்காலைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை, டொக்டரிடம் போனீர்களா?

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பேசுவதற்கு இடம் எங்கள் வேலை இல்லை, அது கல்லூரியின் வேலை. நாங்கள் அடையாளத்தைக் காட்டுகிறோம், அவ்வளவுதான். அந்த ஆசிரியையைப் பற்றி நீங்கள் கவலைப்படுவது உங்கள் நல்ல மனம். உங்கள் "அமீன்" யார் செய்தது என்று எனக்குத் தெரியாது, முகவர்கள் தாங்கள் விரும்பிய பெயரைப் போட்டுத்தான் விற்பார்கள். ஆனால் இந்தத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன், ஒரு பிரிவு முழுக்கப் பிடிபட்டால் ரீச்சர் கட்டாயம் கொடுத்துத்தான் இருப்பா. நல்ல பெயர் எடுக்கிற ஆசை. பிள்ளைகளைக் கெடுப்பதே இப்படிப்பட்ட ஆட்கள்தான். நீங்கள் அவவோடு சேர்ந்து திரிந்து உங்கள் பெயரையும் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

கண்காட்சி மே மாதம் பதினேழாம் திகதி. எனக்காக மன்றாடுங்கள்.

ஜெஸ்ரின்


லண்டன், அலுவலகத்திலிருந்து
15 ஏப்ரல் 2025

அக்கா,

நான் எழுதி ஐந்து கிழமையாகியும் உங்களிடமிருந்து கடிதம் இல்லை. போன் எடுத்தால் "வேலையாக இருக்கிறேன், பிறகு கதைப்போம்" என்கிறீர்கள். நான் நோன்பு மாதத்து வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அந்த முப்பத்தொன்பது பேரின் மேன்முறையீடு என் மேசைக்கு வந்தது. மேன்முறையீடு என்றால்தான் தாள்களைத் திறந்து கண்ணால் பார்க்க அனுமதி. இதுவரை நான் பார்த்தது எண்கள் மட்டும். முதல் தாளைத் திறந்தேன். ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் முன்னால் ஓர் அம்புக்குறி. மேல்நோக்கியோ, வலப்பக்கமோ, எந்தத் திசையை நேர் என்று எடுத்தார்களோ அந்தப் பக்கம். சமன்பாடுகளுக்கு வட்டத்துக்குள் இலக்கம். விடைக்கு அடியில் இரட்டைக் கோடு. இரண்டாவது தாளும் அப்படி. மூன்றாவதும் அப்படி.

"முதல்ல அம்பைப் போடு, பிறகு வாயைத் திற." கோபாலகிருஷ்ணன் சேரின் குரல் எனக்கு அலுவலகத்திலேயே கேட்டது.

அக்கா, அந்த ஆசிரியை நீங்கள்தானே?

ஜெஸ்ரின்


பஹ்லா
20 ஏப்ரல் 2025, உயிர்த்த ஞாயிறு

அன்புத் தம்பி,

பெருநாள் வாழ்த்து உங்கள் இருவருக்கும். ஓம், நான்தான்.

விசாரணை அறிவித்தலின் அடியில் சின்ன எழுத்தில் உன் கம்பனியின் பெயர் இருந்தது. அதை வாசித்த மறுநாள் உன் கேக் கடிதம் வந்தது. உன்னிடம் சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கே விதியைத் தூக்கியெறிந்து பெறுபேற்றை விடுவித்திருப்பாய். பிறகு, "தம்பி அக்காவைக் காப்பாற்றினான்" என்றுதான் கதை போகும். என் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கக் களவெடுத்துப் பாஸ் பண்ணியவர்களாகவே இருப்பார்கள். அவர்கள் களவெடுக்கவில்லை. அதை வெளிச்சத்தில் வைத்து நிரூபிக்க வேண்டும் என்று நான்தான் மேன்முறையீடு எழுதினேன். என் பக்கம் சரி என்பதில் எனக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். விசாரணையில் அழவில்லை. "பிள்ளைகளைக் கெடுப்பது இப்படிப்பட்ட ஆட்கள்தான்" என்று நீ எழுதியதை நூலகத்தில் இருந்து வாசித்தபோது அழுதேன். அதற்குப் பிறகு உனக்கு எழுதக் கை வரவில்லை. கோபம்தான், வேறென்ன.

அம்புக்குறியை இங்குள்ளவர்களுக்கு விளக்கினேன். "எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரிப் போடுமா?" என்று கேட்டார்கள். அந்த டியூசன் கொட்டிலைப் பார்த்திராத ஆட்களுக்கு அது விளங்காது. இப்போது நீ யோசி. தம்பியாக இல்லை, அந்த விதியை எழுதியவனாக யோசி. முடிவு அடுத்த மாதக் கடைசியில்.

முழங்கால் நோகிறது. டொக்டரிடம் போகவில்லை.

அக்கா


ஃபாரஸ்ட் கேட்
12 மே 2025

அன்பின் அக்கா,

முதலில் முழங்காலுக்கு டொக்டரைப் பாருங்கள். மற்றதை நான் பார்த்துவிட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த வேலைநாளே நரசிம்மன் சாரிடம் போய், பிரிவு ஆசிரியை என் சொந்த அக்கா என்று சொன்னேன். இந்த மேன்முறையீட்டில் நான் கையொப்பமிட மாட்டேன், ஆனால் விதி பிழை என்று காட்ட ஒரு சந்தர்ப்பம் தாருங்கள் என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ரூல் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு, ஜெஸ்ரின். அடுத்த மாசம் மேடை ஏறணும். இப்போ போய் ஏன் கை வைக்கணும்?"

"ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கட வீட்டுக்கு வாங்கோ, சார். உங்கட கண்ணால பாருங்கோ. பிறகு நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்" என்றேன்.

நேற்று விம்பிள்டனிலிருந்து வந்தார். கேள்வித்தாளையும் டேப்லெட்டுகளையும் அவரே கொண்டுவந்தார். நான் கூப்பிட்டு வைத்தது மூன்று பேரை, மூன்று பேரும் சேரின் வகுப்பு. பிரதாபன் இங்கே பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். ரதீசன் சவுத்தாலில் கணக்காளர். செல்வரத்தினம் அண்ணை பஸ் ஓட்டுகிறார். எதற்கு என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. நரசிம்மன் சார் ஆளுக்கொரு அறையில் உட்கார வைத்துவிட்டு நடுவில் கதிரை போட்டுக் காவலுக்கு இருந்தார்.

பிரதாபன் கத்தின கத்து பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். "டேய், கடையைப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறன், என்னை லிப்ட் கணக்குச் செய்யச் சொல்லுறியே, உனக்கென்ன விசரே?" கத்திக்கொண்டே பேனாவை எடுத்தான். எடுத்த கையோடு அம்புக்குறியைப் போட்டான்! செல்வரத்தினம் அண்ணைக்கு F, m, a மூன்றுமே மறந்துவிட்டது. பாதிக் கணக்குத்தான் செய்தார். அந்தப் பாதியிலும் அம்புக்குறி இருந்தது, வட்டத்துக்குள் இலக்கம் இருந்தது. முடிக்காத கணக்குக்கு இரட்டைக் கோடு வேறு போட்டு வைத்திருந்தார்.

தாள்களைப் புரோகிராமுக்குக் கொடுத்தோம். தேநீர் ஆறவில்லை. மூவரும் அந்த முப்பத்தொன்பது பேரோடு சேர்ந்து களவெடுத்தார்கள் என்று சொல்லிவிட்டது. நரசிம்மன் சார் இரண்டு தரம் வாசித்தார். பிரசாந்தினி பொரித்துக் கொடுத்த ரோல்ஸைக் கையில் வைத்தபடி சிரிக்கத் தொடங்கினார்.

"ஃபாரஸ்ட் கேட்ல மளிகைக் கடை வச்சிருக்கறவர் ஓமான் பொண்ணுங்களைப் பாத்து காப்பி அடிச்சார்னு நான் எழுத முடியுமா? ரூல் தப்பு. ஆமா, தப்புதான்."

இன்று அவர் கையெழுத்தோடு கல்லூரிக்கு அறிக்கை போய்விட்டது. நேற்று நடந்தது ஒன்றும் விடாமல் அதில் இருக்கிறது. தாள்களின் பிரதியும் இணைத்திருக்கிறார். அந்த விதியை எடுத்துவிட்டோம். கண்காட்சியில் எங்களுக்கு இந்த வருடம் மேடை இல்லை. எனக்குக் கவலையும் இல்லை.

நான் எழுதிய அந்த வரிக்கு மன்னிப்புக் கேட்டால் நீங்கள் "சும்மா இரு" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு சுடுகிறது, அக்கா.

ஜெஸ்ரின்


பஹ்லா
8 ஜூன் 2025

அன்புத் தம்பி,

டொக்டரிடம் போனேன். தைலமும், படி ஏறாதே என்ற புத்திமதியும் தந்தார். பிரசாந்தினிக்கு என் அன்பு. அந்த மூவருக்கும் அவள் சமைத்துப் போட்டதற்கு இரட்டை அன்பு.

பெறுபேறு வந்துவிட்டது. அறிக்கை வந்த பிறகும் ஒரு நேர்முகம் வைத்தார்கள். நான்தான் வைக்கச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய்த் தங்கள் தாளைத் தாங்களே விளக்கினார்கள். ஷம்ஸாவிடம், "இந்த அம்புக்குறி எதற்கு?" என்று கேட்டிருக்கிறார்கள். "நான் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு கணக்குச் செய்கிறேன் என்று உங்களுக்குச் சொல்வதற்கு" என்றாளாம். முப்பத்தொன்பது பேரும் சித்தியடைந்துவிட்டார்கள். ஒருவருடைய உதவித்தொகையும் போகவில்லை. நான்கு பிரிவிலும் நாங்கள்தான் முதல், எழுதி வைக்கச் சொன்னேனே!

என் ஒப்பந்தத்தை நீடிக்கக் கேட்டார்கள். ஒரு நிபந்தனை வைத்தேன். புரோகிராம் ஒரு பிள்ளையைச் சுட்டிக்காட்டினால், பெறுபேற்றை நிறுத்த முன்னர் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்திக் கேட்க வேண்டும். ஒப்புக்கொண்டு எழுதித் தந்துவிட்டார்கள். டேப்லெட்டில்தான் கையெழுத்துப் போட்டேன். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அறிக்கையோடு வந்த தாள்களை நேற்றுத் திருத்தினேன், சும்மா இருக்க முடியவில்லை. பிரதாபன் நூற்றுக்கு எண்பத்திரண்டு, கடைக்காரனுக்கு மூளை துருப்பிடிக்கவில்லை. ரதீசன் எழுபது. செல்வரத்தினம் அண்ணைக்கு முயற்சிக்குப் பத்து.

மூன்று பேர் செய்தார்கள் என்று நீ எழுதினாய். எனக்கு வந்தது நான்கு தாள். நாலாவது ஆளை மட்டும் புரோகிராம் பிடிக்கவில்லை என்று உன் நரசிம்மன் சார் நேர்மையாக ஒரு வரி எழுதியிருந்தார். உன் கையெழுத்து எனக்குத் தெரியாததா? அம்புக்குறி இல்லை. எந்தப் பக்கம் நேர் என்று எங்குமே சொல்லவில்லை. கீழே இறங்குகிற லிப்ட் நிற்கப்போகும்போது கயிற்றின் இழுவை குறையும் என்று முடித்திருக்கிறாய். தினமும் அலுவலகத்தில் லிப்டில் இறங்குகிற மனிதன்! கால் சொல்லவில்லையா, பாரம் கூடுகிறது என்று?

புள்ளி போடவில்லை. அம்புக்குறியைப் போட்டு, திரும்பச் செய்து அனுப்பு.

உன் அக்கா
மெற்றில்டா